ஆவணி முகூர்த்தமும் வராத டைபாய்டும்

1

நேற்று அன்னூரிலிருந்து அண்ணன் குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். என் மகள் கயலுக்குக் காது குத்தி ஒரு வருடம் ஆகிவிட்டதாம். படத்தில் கயல் அவர் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். மொட்டைத் தலை நிறையச் சந்தனம், கழுத்தில் அவளையே மறைக்கிற மாலை, அழுது அழுது மூக்கு சிவந்திருக்கிறது. சுற்றிலும் சொந்தபந்தம் மொத்தமும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பெரியம்மா, சித்தப்பா என்று ஆளாளுக்கு இதயம் போட்டார்கள். நான் மட்டும் என்ன போடுவது என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கூச்சமும் வருகிறது. ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியாது. அங்கே அது ஒரு விசேஷம், கறிவிருந்து, அவ்வளவுதான். ஜெர்மனியின் வடக்கே நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் அதே விசேஷம் ஒரு தொற்றுநோயாகப் பதிவானது. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போவதற்குள் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் யார் பக்கம் தப்பு என்றாவது எனக்குத் தெளிகிறதா பார்ப்போம்.

2

முதலில் நாள்காட்டிச் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே கோடை விடுமுறை ஆண்டுக்கு ஆண்டு நகரும். போன வருடம் அது ஆடி மாதத்தின்மேல் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. நாங்கள் ஊருக்குப் போய் இறங்கும்போது ஆடி பிறக்கப்போகிறது. ஆடி முடியும்போது இங்கே பள்ளி திறந்துவிடும்.

கயலுக்கு அப்போது ஏழு வயது. கைக்குழந்தையிலேயே மொட்டை போட்டுக் காது குத்தியிருக்க வேண்டியது. வெளிநாட்டு வாழ்க்கையில் ஒவ்வொரு வருடமாகத் தள்ளிப்போய்விட்டது. தாய்மாமன் என்ற முறையில் அண்ணனுக்கு அதில் பெரிய மனக்குறை. "ஊர்ல பாக்கறவனெல்லாம் கேக்கறான், உன்ற தங்கச்சி புள்ளைக்கு இன்னும் காது குத்தலியான்னு. நான் என்ன பதில் சொல்றது?" என்பார்.

விடுமுறைக்குள் முடித்துவிடலாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏனம்மணி, ஆடியில எவனாச்சு காது குத்துவானா? ஊரே சிரிச்சுப்போடும். ஆவணி மொத முகூர்த்தத்துல வெச்சுக்கலாம்."

"அதுக்குள்ள ஸ்கூல் தொறந்துருமுங்கண்ணா."

"தொறக்கட்டும். ரெண்டாங்கிளாஸ்தான? பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிப் போயிராது."

பள்ளிக்கு எழுதிக் கேட்டேன். குடும்ப விசேஷம், சில நாள் தாமதமாக வருகிறோம், அனுமதி வேண்டும் என்று. பதிலில் வாழ்த்தெல்லாம் அன்பாகத்தான் இருந்தது. அனுமதி மட்டும் இல்லை. விடுமுறையை ஒட்டி யாருக்கும் விடுப்பு கிடையாதாம். நோய் என்றால் மட்டும் மருத்துவச் சான்று வேண்டுமாம். இதை வாசித்துக் காட்டியதும் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு அது மறுப்பாகவே படவில்லை. வழியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் படித்த பள்ளியிலும் கல்யாணமோ காதுகுத்தோ, எதற்கு லீவு எடுத்தாலும் "காய்ச்சல் காரணமாக" என்றுதான் எழுதுவோம். மறுநாள் டீச்சர் அதை வாங்கிக்கொண்டு, "என்ன அம்மணி, கல்யாணச் சாப்பாடு பலமா?" என்று கேட்டபடியே கையெழுத்துப் போடுவார். அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். உங்கள் வகுப்பைவிட எங்கள் வீட்டு விருந்து முக்கியம் என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? காய்ச்சல் என்றால் டீச்சருக்கும் மரியாதை, நமக்கும் மரியாதை. அதைப் பொய் என்று நாங்கள் யாருமே நினைத்ததில்லை.

துடியலூரில் அண்ணனின் சிநேகிதர் ஒருவர் கிளினிக் வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வெறும் காய்ச்சல்னு எழுதுனா அங்க நம்ப மாட்டாங்க. டைபாய்டுன்னு போட்டர்லாங்களா? கொஞ்சம் வெயிட்டா இருக்கும்."

அண்ணனும் தலையாட்டினார், நானும் தலையாட்டினேன். எங்கள் ஊரில் டைபாய்டு என்பது சாதாரணக் காய்ச்சலைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். மாத்திரையும் கஞ்சியும் போதும், பிள்ளை தேறிவிடும் என்பதுதான் கணக்கு. சான்றைப் படம் எடுத்து, வேலைக்காக முன்னாலேயே இங்கே திரும்பிவிட்ட என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அவர் அதைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கம் பீளமேட்டில் படித்தவர்தான். பரீட்சைக்குப் படிக்கவில்லை என்றால் கல்லூரி விடுதியில் எல்லோருக்கும் டைபாய்டு வந்த கதை அவருக்கும் தெரியும்.

ஆவணியில் விசேஷம் அமர்க்களமாக நடந்தது.

3

நாங்கள் வந்து இறங்கிய மறுநாள் காலை கயலுக்குப் பை மாட்டிப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே அவளுடைய ஆசிரியை எங்களைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் கயலின் மொட்டைத் தலை என் கண்ணில் பட்டது. ஊரில் இருந்தவரைக்கும் அது எனக்கு மொட்டையாகவே தெரியவில்லை. அந்த வாசலில் நின்று பார்த்தபோது பிழைத்து எழுந்து வந்த பிள்ளையின் தலை போலத்தான் இருந்தது.

ஆசிரியை குனிந்து கயலின் தோளைத் தொடப் போனவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எங்களை ஓரமாக அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னார். இந்த நோய்க்கு இங்கே தனிச் சட்டமாம். சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் போய்விட்டதாம். பரிசோதனையில் கிருமி இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுக்கும்வரை கயல் பள்ளிக்குள் வரக்கூடாதாம்.

எனக்குப் பதற்றம் வந்தால் ஜெர்மன் காலை வாரிவிடும். "மன்னிக்க வேண்டும்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் "மிக்க நன்றி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் பிள்ளை வரக்கூடாது என்கிறார், மிக்க நன்றி என்கிறேன். அந்த அம்மாள் என்னை எத்தனை பெருந்தன்மையானவள் என்று நினைத்தாரோ.

அடுத்து அந்தச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் பேசினார். பிள்ளை எங்கே சாப்பிட்டது, யார் யாருடன் சாப்பிட்டது, விருந்து ஏதாவது நடந்ததா என்று பொறுமையாகக் கேட்டார். விருந்துதான் நடந்தது ஐயா, ஊரே சாப்பிட்டது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஒன்றும் ஞாபகமில்லை என்றேன். பரிசோதனைக்காகக் கயலின் மலத்தைக் குப்பியில் பிடித்துப் பிடித்து அனுப்பினோம். ஒரு முறை அனுப்பினால் போதாதாம், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டுமாம். இல்லாத கிருமி இல்லை என்று நிரூபிப்பதற்கு அவ்வளவு நாள் பிடித்தது.

அதுவரை துள்ளி விளையாடுகிற பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டார் பார்த்தால் என்ன சொல்வது? ராத்திரியெல்லாம் ஊர் நேரத்துக்கு விழித்திருந்தாள், பகலெல்லாம் தூங்கினாள், தூங்காத நேரத்தில் டேப்லெட். பள்ளிப் பை கதவோரம் மாட்டியபடியே கிடந்தது.

"அம்மா, எனக்கு நெஜமாலுமே டைபாய்டு வந்துச்சுங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இல்ல கண்ணு. சும்மா பேப்பர்ல எழுதுனது."

"அப்ப எதுக்குங்க நான் ஸ்கூலுக்குப் போகக்கூடாது?"

நான் தோசை ஊற்றப் போய்விட்டேன்.

4

அன்னூருக்குப் போன் போட்டு அழுதேன். அண்ணன், "ஊசி போட்டாச்சு, சரியாப் போச்சுன்னு சொல்லிப்போடு" என்றார். அவருக்கு விளக்கிப் பயனில்லை. நங்கை போனை வாங்கினார். நங்கை என்றால் அண்ணன் மனைவி, எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அதை வுடு. மொதல்ல புள்ளையத் தூங்கி எந்திரிக்க வையி," என்றார். "இங்க ஜூன்ல தொறக்கறதுக்கு முன்னாடியே நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? காலையில எழுப்பி, தலைவாரி, யூனிபாரத்தைப் போட்டு ஊட்டுக்குள்ளயே உக்கார வெச்சிருவேன். டிவியும் இல்ல, செல்லும் இல்ல. பத்தலைன்னா டைலர்கிட்டப் பிரிச்சுக்கலாம், பழகுன மாதிரியும் ஆச்சு."

"அழுக மாட்டாங்களா?"

"அழுகும். வேன்காரன் வந்து ஹாரனடிச்சா அழுகை, வவுத்துவலி எல்லாம் பறந்துரும். போறியா போறியான்னு புள்ளைகிட்ட யாராச்சு கேப்பாங்களா?"

இங்கே எல்லோரும் பிள்ளையிடம்தான் கேட்கிறார்கள். எப்படி உணர்கிறாய், தயாராக இருக்கிறாயா, எது உனக்குக் கஷ்டம் என்று. நங்கை சொல்வதைக் கேட்டால் அது சரியாகப் படுகிறது. இவர்கள் சொல்வதைக் கேட்டால் இது சரியாகப் படுகிறது. நங்கை சொன்னபடியே மறுநாள் காலையில் எழுப்பி, உடுத்தி, பையை மாட்டிக் கயலை சோபாவில் உட்கார வைத்தேன். யூனிபாரமும் கிடையாது, ஹாரனடிக்க வேனும் கிடையாது. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பையைத் தலைக்கு வைத்துப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

5

ஒருவழியாக அலுவலகம் பச்சைக்கொடி காட்டியது. ஆசிரியை எங்களுக்காக ஒரு திட்டமே தயாராக வைத்திருந்தார். பெரிய நோயிலிருந்து தேறிய குழந்தை படிப்படியாகத்தான் திரும்ப வேண்டுமாம். முதலில் பாதி நாள் பள்ளி. இரவில் சீக்கிரம் படுக்கை, படுக்கையறைக்குள் திரை கூடாது. காலையில் வயிற்றுக்கு ஏதாவது போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தோழி லேனா தினமும் வீட்டுக்கு வந்து கயலைக் கூட்டிப் போவாள். களைப்பாக இருந்தால் மூலையில் மெத்தை போட்டிருக்கிறது, படுத்துக்கொள்ளலாம். சொன்னதெல்லாம் நல்ல யோசனைகள். அந்தத் திட்டத்தால் தூக்கம் சரியானது, பசி திரும்பியது. ஆனால் அத்தனை அக்கறையும் வராத நோய்க்குக் கிடைத்தது. ஒவ்வொன்றையும் கேட்கும்போது என் முகம் எரிந்தது.

முதல் நாள் மதியம் அழைத்துவரப் போனேன். ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். வகுப்பில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்களாம். உனக்கு எப்படி இருந்தது என்று குழந்தைகள் கயலிடம் கேட்டார்களாம். அவள் சொன்னதைக் கேட்டு அவருக்கு அழுகையே வந்துவிட்டதாம்.

"என்ன சொன்னாள்?" என்றேன்.

"தலையை மழித்தார்கள் என்றாள். மாமாவின் மடியில் உட்கார வைத்தார்களாம். ஊசியால் குத்தினார்களாம், ரொம்ப வலித்ததாம், அழுதாளாம். உறவினர்கள் எல்லோரும் வந்து கூடவே நின்றார்களாம். தலைக்குக் குளிர்ச்சியாக ஏதோ பூசினார்களாம். மாலை போட்டார்களாம். பிறகு ஊருக்கே சாப்பாடாம். நோயுற்ற ஒரு குழந்தையைச் சுற்றி இத்தனை பேர்! நாங்கள் உங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்."

கயல் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. டைபாய்டு எப்படியிருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அன்றோடு சரி.

அதற்கடுத்த நாளிலிருந்து கயலுக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. லேனா அழைப்புமணியை அடிப்பாள், இவள் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். மருத்துவரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார். ஒரு நாள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கெஞ்சினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தெனமும் கேக்கறாங்கம்மா. முடி நோயில கொட்டுச்சான்னு கேக்கறாங்க. செத்துப் போயிருப்பியான்னு லேனா கேக்கறா. எனக்கு இனிச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லீங்க."

என் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் இருப்பதற்குக் காரணம் விடுமுறையும் இல்லை, நேரம் தப்பின தூக்கமும் இல்லை. நான் எழுதி வாங்கிய நோயை அவள் தினமும் சுமந்துகொண்டு போக வேண்டியிருந்தது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

6

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றதும் வீட்டுக்காரர் பதறிவிட்டார். "பைத்தியமா உனக்கு? விசா புதுப்பிக்கிற நேரம். பொய்ச் சான்று குடுத்தோம்னு நாமளே போய் சொல்றதா? புள்ளை ரெண்டு நாள்ல மறந்துரும்." அவர் பயம் பொய்யான பயமில்லை. இங்கே எது எதில் போய் முட்டும் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் என்னைத் தடுத்தது கயல்தான். "சொல்லாதீங்கம்மா. அப்புறம் எல்லாரும் உங்களைப் பொய் சொல்றவங்கன்னு சொல்லுவாங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றத் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு விசாவும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. மறுநாளே ஆசிரியை முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஆடி, ஆவணி, தாய்மாமன், மொட்டை எல்லாவற்றையும் என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன். ஊரில் காய்ச்சல் என்று எழுதுவது பொய்யாகாது என்பதையும் சொல்லிப் பார்த்தேன். அந்த மொழியில் அதைச் சொல்லச் சொல்ல அது பச்சைப் பொய்யாகவே கேட்டது. முடித்ததும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நான் உங்களுக்காக அழுதேன்," என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போதாவது மன்னிக்க வேண்டும் என்று சரியாகச் சொன்னேன்.

பிறகு அவர், "இதை மேலே தெரிவிக்காமல் இருக்க என்னால் முடியாது," என்றார். "ஆனால் கயல் நாளையிலிருந்து முழு நாள் வரட்டும். பாதி நாள் நோயாளிக்குத்தான்."

மேலிடத்திலிருந்து கண்டிப்பாக ஒரு எச்சரிக்கை வந்தது, அதோடு விட்டார்கள். வீட்டுக்காரர் என்னோடு சில நாள் அளந்துதான் பேசினார். அண்ணனிடம் சொன்னபோது, "நீயாப் போயி எதுக்கம்மணி சொன்ன? அவங்களே மறந்திருப்பாங்கள்ல?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

கயல் மறுநாள் வட்டத்தில் எழுந்து நின்று, அது நோய் இல்லை, காதுகுத்து என்று அவளாகவே சொல்லியிருக்கிறாள். அண்ணன் அனுப்பிய படங்களைக் கேட்டு வாங்கிப் போய்க் காட்டினாள். குழந்தைகளுக்கு டைபாய்டைவிட அது பிடித்துப்போய்விட்டது. லேனா தனக்கும் மொட்டை வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்ததாகக் கேள்வி. வயிற்றுவலி எப்போது நின்றது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு நாள் காலை அழைப்புமணி அடித்ததும் கயல் ஒற்றைச் செருப்போடு ஓடினாள், அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் இன்னும் குழப்பம் தீரவில்லை. ஊர் டீச்சர் எங்களை ஏமாந்து நம்பவில்லை, தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார். இந்த ஆசிரியை நம்பினார், அதனால் ஏமாந்தார். இரண்டு பேரிடமும் நான் சொன்னது ஒரே காய்ச்சல்தான். அங்கே மரியாதையாக இருந்தது இங்கே துரோகமாகிவிட்டது. நடுவில் எங்கே மாறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

7

இந்த வருடம் ஊருக்குப் போகவில்லை. விடுமுறை முழுக்க இங்கேயே இருந்தோம். முடிவதற்கு முன்பே படுக்கை நேரத்தைச் சரிசெய்துவிட்டேன், டேப்லெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். மூன்றாம் வகுப்புக்குப் புதுப் பை. இன்று காலை பள்ளி திறப்பு. எழுப்பப் போய்க் கயல் நெற்றியில் கை வைத்தேன். அனலாகக் கொதித்தது.

வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். நல்ல காய்ச்சல். வீட்டுக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எட்டு மணிக்குள் தெரிவித்தாக வேண்டும் என்பது விதி. கட்டில் ஓரமாக உட்கார்ந்து பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கயலின் பெயரைச் சொன்னேன். காய்ச்சல் என்றேன்.

"முதல் நாளேவா?" என்று கேட்டார் அலுவலகத்து அம்மாள். மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஆமாம். நிஜமான காய்ச்சல்," என்றேன். நிஜமான என்ற சொல்லை எதற்குச் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வெப்பமானி காட்டுவதைச் சொன்னேன். இருமுகிறாள் என்றேன். பேசப் பேச என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. கொதிக்கிற கை.

"போனை இங்க குடுங்கம்மா," என்றாள் கயல். "நாஞ் சொல்றேன். நான் சொன்னா நம்புவாங்க."

கொடுத்துவிட்டேன்.